பிள்ளைக்கு நெஞ்சுரம், கிலோ என்ன விலை?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. கையில என்னது, வழுவழுன்னு மினுங்குது? நோட்டீசா? வாசி, கேப்போம். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். உன் வாயால கேக்கணும்னு ஒரு ஆசை.

"குழந்தைகளின் மன உறுதியை வளர்க்கும் ஒரு நாள் பயிற்சி முகாம். ஏசி அரங்கம். மதிய உணவு உண்டு." சரி. துட்டு எம்புட்டு? மூவாயிரமா? குடும்பத்துக்கா, பிள்ளைக்கு மட்டுமா? பிள்ளைக்கு மட்டும். அப்பச் சரி. உறுதி வளரணும், ஆனா வேர்வை வந்துரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான்.

என்னத்தச் சொல்லிக் குடுப்பாகளாம்? தோல்வியைத் தாங்குறது, பகிர்ந்து திங்கிறது, வரிசையில பொறுமையா நிக்கிறது. ஏலே, இந்த மூணையும் நீ எந்த ஏசி ரூம்புல படிச்ச? ரேசன் கடையில சீமெண்ணெய் கேனை வரிசையில வச்சுட்டு வெயில்ல நின்னியே, உனக்கு யாரும் சர்ட்டிபிகேட் குடுத்தாகளா? கடலை முட்டாயச் சட்டைத் துணிக்குள்ள வச்சு காக்காக்கடி கடிச்சு உங்க அக்காளுக்குப் பாதி குடுத்தியே, அது கணக்குல வராதா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாக. காக்காக்கடிக்குத்தான் இன்னும் ஒருத்தரும் குடுக்கல.

தோக்குறதப் பத்திப் பேசணும்னா பம்பரத்துக்குத்தான் போகணும். தெருவுல வட்டம் போட்டு, சாட்டையச் சுத்தி, எல்லாரும் ஒண்ணா விட்டு அபீட் எடுக்கணும். எவன் கடைசியோ அவன் பம்பரம் வட்டத்துக்குள்ள படுக்கணும். மத்தவன் பூரா ஓங்கி ஓங்கிக் குத்துவான். ஆணி பட்ட இடத்துல பள்ளம் விழும். ஆக்கர். நேத்துத்தான் உங்க அம்மாட்ட அழுது புரண்டு வாங்குன புதுப் பம்பரம், பச்சையும் செவப்புமா வரி போட்டது. உன் கண்ணு முன்னாலயே செதில் செதிலாப் பேருது. கண்ணுல தண்ணி முட்டுது. வீட்டுக்கு ஓடுனா நாளைக்கு ஆட்டத்துல சேக்க மாட்டானுக. அதனால மூக்க உறிஞ்சிட்டு நின்ன. ஒரு பொழுது கழிச்சு உன்னோடதக் குத்துனவன் பம்பரம் உள்ள படுத்துச்சு. அப்பம் நீ ஓங்குன ஓங்கு இருக்கே, அம்மாடி! சாட்டையே அந்து போச்சு. ஆக்கர் விழாத பம்பரத்தை எவனும் மதிச்சதில்ல. கடையில இருந்து எடுத்தது அப்படியே இருக்குன்னா, அதை வச்சு அவன் ஆடவே இல்லன்னு அர்த்தம்.

இப்ப அந்தப் பம்பரத்தையும் சம்மர் கேம்புல பாரம்பரிய விளையாட்டுன்னு கட்டணம் போட்டுச் சொல்லித் தாராகளாம். ரப்பர் பாய் விரிச்சு, பிளாஸ்டிக் பம்பரம். கடைசியில வந்திருக்க அம்புட்டுப் பிள்ளைக்கும் மெடல். நான் கேக்கேன், ஒருத்தனும் தோக்காத ஆட்டத்துல செயிச்சவன் யாருலே?

அதுக்காகச் சின்னப் பிள்ளையக் கொண்டுபோய் எடுத்த எடுப்புல பெரிய பயக கூட மோதவிடச் சொல்லல. அதுக்கும் தெருவுல ஒரு வழி வச்சிருந்தாக. அக்காகாரி இடுப்புல ஒரு வாண்டத் தூக்கிட்டு வருவா. விட்டுட்டு வந்தா அழும். ஆட்டத்துல சேத்தா நடுவுல வந்து இடிக்கும். என்ன செய்ய? "இவன் ஒப்புக்குச் சப்பாணி"ன்னு சொல்லிச் சேத்துக்கிடுவாக. அவனத் தொட்டாலும் அவுட் கெடையாது. அது அவனுக்குத் தெரியாது. கூட்டத்தோட ஓடுவான், விழுவான், காரணம் தெரியாமலே கைதட்டுவான். மொழங்காலு தேஞ்சு தேஞ்சு ஆட்டம் பழகும். அப்புறம் ஒரு நாள் பெரிய பிள்ளை ஒருத்தி சொல்லுவா, "ஏய், இன்னையில இருந்து உனக்கும் அவுட் உண்டு." அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாக்கணும் நீ. கோட்டை ஒண்ணப் பிடிச்ச மாதிரி வீட்டுக்கு வருவான். இதையெல்லாம் எந்த நிபுணரும் உக்காந்து யோசிக்கல. மூக்கு ஒழுகுற பிள்ளைக யோசிச்சது.

உங்க காலத்துல என்ன செய்யுதீகன்னா, காலேசு போற வரைக்கும் பிள்ளைய ஒப்புக்குச் சப்பாணியாவே வச்சிருக்கீக. அவுட்டே கெடையாது. அப்புறம் ஒரு நாள் உலகம் அவுட்டுங்குது. பிள்ளைக்கு அந்த வார்த்தைக்கே பொருள் தெரியல.

நான் உன் வீட்டுக்கு வந்திருந்தப்ப, ராத்திரி பதினோரு மணிக்கு நீ தெர்மாகோல் அறுத்துக்கிட்டுக் கெடந்த. என்னடான்னு கேட்டா, "சின்னவனுக்கு புராஜெக்ட் தாத்தா, எரிமலை"ன்ன. சின்னவன் எங்கடான்னா தூங்குதான். ஒண்ணாப்புப் பிள்ளைக்கு எரிமலை என்னத்துக்கு? கரிசக்காட்டுல எரிமலையா வெடிக்கப் போவுது? மறுநாள்தான் வெளங்குச்சு. வகுப்பு முழுக்க எரிமலை. அம்புட்டும் அப்பம்மாரு செஞ்சது. டீச்சரம்மாவும் பாவம், தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஸ்டார் ஒட்டியிருக்காக. எந்த வீட்டுக்கு எத்தனை ஸ்டாருன்னு வாட்சப்புல அன்னைக்குப் பூரா ஓடுச்சு. உன் எரிமலை நாலாவது. சாயங்காலம் நீ சோறு திங்கல. உன் பொண்டாட்டி உங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. உன் மவன் மட்டும் அந்த எரிமலைக்குள்ள கோலிக்குண்டப் போட்டு எடுத்து வெளையாடிட்டு இருந்தான். தோல்வியைத் தாங்குற முகாமுக்கு உங்க வீட்டுல இருந்து யாரு போகணும்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அந்த எல்கேஜி பட்டமளிப்பு விழாவையும் பாத்தாச்சு. நாலு வயசுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, தலையில பலகைத் தொப்பி. அடிக்கிறது சித்திரை வெயிலு. பட்டம் வாங்குன கையோட ஒண்ணுக்கு வருதுன்னு பிள்ளை நெளியுது. போட்டோக்காரன் "இங்க பாரு, சிரி"ங்கான். பட்டதாரி அங்கனயே விட்டுட்டான்.

வாட்சப்புன்னு சொன்னேன் பாரு. காலையில, "நாளைக்கு சாக்ஸ் வெள்ளையா, நீலமா?" மத்தியானம், "கேன்டீன்ல சமோசா உண்டா?" சாயங்காலம், "என் பையன் ரப்பரை உங்க பையன் எடுத்துட்டானாமே, இதுதான் வளர்ப்பா?" அங்க பிள்ளைக ரெண்டும் அடுத்த பீரியட்லயே காய் விட்டதப் பழம் விட்டு, ரப்பர ரெண்டாப் பிச்சு ஆளுக்கொரு துண்டு வச்சுக்கிட்டு அலையுதுக. அம்மாமாரு ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. கல்யாண வீட்டுல எதிரெதிர்ப் பந்தியில உக்காருதாக.

இதக் கேட்டுட்டு, அந்தா எதுத்த திண்ணையில ஒரு கெழம் மீசைய முறுக்குது பாரு. "எங்க காலத்துல வாத்தியாரு தோலை உரிச்சாரு, அதான் நாங்க உருப்பட்டோம்"னு இப்ப ஆரம்பிப்பான். நம்பாத. நானும் அவனும் ஒரே வகுப்பு. அடி வாங்குனவன் பூரா உருப்பட்டிருந்தா இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா கலெக்டர் மேலதான் விழணும். தேறுனவன் திண்ணையில உக்காந்து பேசுதான். புளிய விளாறுக்குப் பயந்து ஆடு மேய்க்கப் போனவன் எங்க பேசுனான்? அவன் கணக்க எவன் எழுதி வச்சிருக்கான்? முருங்கைய ஒடிச்சு வளர், பிள்ளைய அடிச்சு வளர்னு ஒரு சொலவடை. முருங்கைக்கு வாயில்ல, அதனால மறுத்துச் சொல்லல. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 17-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாது. ரொம்பச் சரி. இன்னும் முன்னாலயே வந்திருக்கலாம். என் மொளியெல்லாம் தப்பிச்சிருக்கும்.

"கஷ்டப்பட்டாத்தான் பிள்ளை தேறும்"னு இன்னொரு கோஷ்டி சுத்துது. இந்தக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு அதையும் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்துல கோழி கூவுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிக்கும். கையில தூக்குச்சட்டி, கண்ணுல பாதித் தூக்கம், ஏழு வயசும் எட்டு வயசுமா பிள்ளைக ஏறும். பகல் பூரா சட்டத்துல குச்சி அடுக்கணும். இருட்டுனப்புறம் கொண்டாந்து இறக்கி விடுவான். என்னோட படிச்சதுல வாய்க்கணக்கு எல்லாரையும் முந்திச் சொல்லுற ஒரு பிள்ளை மூணாப்போட நின்னுட்டா. அடுக்குன சட்டத்த எண்ணத்தான் அவ கணக்கு உதவுச்சு. கஷ்டம் ஆளை உருவாக்கும்னா அவதான் இன்னைக்கு ஊர ஆளணும். கூலிக்காரியா வீட்டு வாசல்ல உக்காந்து இருமிக்கிட்டு இருக்கா. அதனால, கஷ்டத்தப் புகழ்ந்து பேசுற ஆளு எவனும் அவ இருக்கிற தெருப்பக்கம் போயிட்டு வந்து பேசட்டும்.

உங்க ஆச்சி புது மண்சட்டி வாங்குனா என்ன செய்வா? அன்னைக்கே மீன்கொழம்பு வச்சிருவாளா? கழுநீர ஊத்தி ஒரு நாள் ஊறப் போடுவா. வடிகஞ்சிய ஊத்திச் சின்னத் தீயில கொதிக்க விடுவா. ஆற விட்டு மறுபடி ஏத்துவா. சட்டிய அப்படித்தான் பழக்கணும். முதல் நாளே தீயத் தள்ளி எரிச்சா படார்னு விட்டுரும். உடைஞ்சிருமேன்னு பயந்து பரண்ல ஏத்தி வச்சா? பேத்தி கல்யாணம் வரைக்கும் பத்திரமாத்தான் இருக்கும். கொழம்புக்குத்தான் வழியில்ல.

சின்னத் தீன்னா என்னன்னு கேப்ப. உனக்கு எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வைக்கணும். போன வாரம் உன் மவன் டிபன் பாக்ஸ வீட்டுல விட்டுட்டுப் போயிட்டான். நீ ஆபீசுல பர்மிசன் போட்டு, பைக்க முறுக்கி, வேர்க்க விறுவிறுக்கக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து பெருமையாச் சொன்ன. குடுக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பசிச்சிருக்கும். பக்கத்துப் பிள்ளைட்ட ஒரு வாய் கேட்டிருப்பான். கேக்கக் கூச்சப்பட்டு, அப்புறம் கேட்டிருப்பான். அது மூடியில ரெண்டு இட்லிய வச்சு நீட்டியிருக்கும். இவனுக்கு வாங்கத் தெரிஞ்சிருக்கும், அதுக்குக் குடுக்கத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பிள்ளை படிப்பையும் நீ பெட்ரோல் செலவழிச்சுப் போய்க் கெடுத்துட்டு வந்த. இதே படிப்புக்குத்தான் இந்த நோட்டீஸ்ல ரெண்டாவது வரி போட்டிருக்கான்.

கடைக்குப் போயி கால் கிலோ உளுந்து வாங்கி மிச்சச் சில்லறைய எண்ணி வாங்கிட்டு வரட்டும். எண்ணாம வந்தா திரும்பப் போகட்டும். கடைக்காரர் நாடார்ட்ட, "அஞ்சு ரூவா கொறையுது"ன்னு நிமிந்து பாத்துச் சொல்லட்டும். அவரு முதல்ல முறைப்பாரு, அப்புறம் எண்ணிக் குடுத்துட்டு ஒரு பொரிகடலை உருண்டையும் குடுப்பாரு. ஆப்புல ஆர்டர் போட்டா உருண்டை வருமா?

உங்க சித்தப்பன் மவ காலேசுல மனோதத்துவம் படிக்காள்ல, அவ ஒரு ஆராய்ச்சியப் போன்ல வாசிச்சுக் காட்டுனா. ஹவாய்ப் பக்கம் கவாய்னு ஒரு தீவாம். அங்க 1955-ல பொறந்த 698 பிள்ளைகள எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்துன்னு ரெண்டு அம்மாமாரு பேரெழுதி வச்சுக்கிட்டு, அதுகளுக்கு நாப்பது வயசு ஆகுற வரைக்கும் விடாமப் பாத்திருக்காக. வறுமை, குடி, வீட்டுல ஓயாத சண்டைன்னு எல்லாக் கேடும் ஒண்ணா வாச்ச பிள்ளைகள்லயும் மூணுல ஒரு பங்கு நல்லபடியா, அடுத்தவனுக்கும் ஒத்தாசையா வளந்து நிக்குது. எப்படின்னு தோண்டுனா, அதுகளுக்கு நம்பிச் சாஞ்சுக்கிட ஒரு ஆளாவது இருந்திருக்கு. அது பெத்தவுகளாத்தான் இருக்கணும்னு இல்ல. ஒரு பாட்டி, ஒரு வாத்தியாரு, அடுத்த வீட்டுக்காரி. அதோட, வீட்டுல அந்தப் பிள்ளைக கையிலயும் ஒரு பொறுப்பு இருந்திருக்கு. தம்பியப் பாத்துக்கிடுறது, அடுப்படியில ஒத்தாசை செய்யுறது. நாப்பது வருசம்லே! எங்கிட்ட வந்திருந்தா ஒரு வெத்தலையப் போட்டு மென்னு துப்புறதுக்குள்ள சொல்லியிருப்பேன். ஆனா நான் சொன்னா நீ கேப்பியா? அது கடல் தாண்டி வரணும், கீழ ரெண்டு வெள்ளைக்காரி பேரும் இருக்கணும்.

அந்த ஒரு ஆளு உன் மவனுக்கு உங்க பள்ளிக்கூடத்துல யாருலே? யோசிச்சுச் சொல்லு. வாட்ச்மேனுக்கு அவன் பேரு தெரியுமா? கார்டத் தொட்டா மிசினு 'பீப்'புங்கும், உள்ள விடுவாரு. வண்டிக்கார அண்ணனுக்குத் தெரியுமா? ஸ்டாப் நம்பர்தான் தெரியும். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா இருக்காளே, அவளுக்கு எந்தப் பிள்ளை கத்தரிக்காய ஒதுக்கும், எந்தப் பிள்ளை முட்டைய வாங்கித் தங்கச்சிக்குன்னு பைக்குள்ள வைக்கும்னு மனப்பாடம். தட்ட நீட்டுற கையப் பாத்தே, "ஏன் கண்ணு மூஞ்சி வாடியிருக்கு, உங்க அய்யா ராத்திரி குடிச்சுட்டு வந்தாரா?"ன்னு கேட்டுருவா. கேட்டுட்டு ஒரு கரண்டி கூடப் போடுவா. அவ எந்த முகாமுக்கும் போனதில்ல. அவளக் கூப்பிட்டு ஒரு முகாம் நடத்துன்னு சொன்னா, "அரிசி உலையில கெடக்கு, போப்பா"ம்பா.

இந்தப் பள்ளிக்கூடமெல்லாம் தானா முளைச்சுச்சுன்னு நெனைக்காத. காமராசர் 1956-ல மதியச் சாப்பாட்டத் தொடங்குனப்ப கசானா நெறஞ்சு வழியல. ஊர்க்காரங்க தவசம் அளந்தாக, வெறகு போட்டாக. கல்வி இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ண ஆரம்பிச்சாரு. முதல் மாநாடு கடம்பத்தூர்ல. அப்புறம் ஊரு ஊராப் பத்திக்கிடுச்சு. ஒரு ஊரு கூரை போட்டுக் குடுக்கும், ஒரு ஊரு பெஞ்சு, ஒரு ஊரு சுவர்க்கடிகாரம். பெஞ்சு முதுகுல 'உபயம்'னு பேரு எழுதியிருக்கும். அதுமேல எவனாவது கால வச்சா, "ஏய், அது எங்க தாத்தா பெஞ்சு"ன்னு ஒருத்தன் சண்டைக்கு வருவான். படிப்புல அவன் கடைசி, ஆனா பெஞ்சுக்கு ராசா. அப்புறம் 1982-ல எம்.ஜி.ஆர் சத்துணவு, 2022-ல மதுரையில தொடங்குன காலைச் சாப்பாடுன்னு, யாரு ஆண்டாலும் அந்த அடுப்ப அணைய விடல. அதுல நமக்கு ஒரு கித்தாப்பு உண்டு.

கல்விச் சீர் எடுக்குறதப் பாத்திருக்கியா நீ? அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஊரே சேந்து சீர் கொண்டு போறது. நம்ம ஊர்லயும் எடுத்தாக. முன்னால மேளம், பின்னால பொம்பளையளு தாம்பாளத்துல நோட்டு, பென்சில் டப்பா, சாக்பீஸ். ஒருத்தன் தலையில பிளாஸ்டிக் நாற்காலி நாலு. நாலு பேரு சேந்து ஒரு பீரோவத் தூக்கிட்டு வாரான், நடுத்தெருவுல இறக்கி வச்சு மூச்சு வாங்குதான். மின்விசிறிய ஒரு கெழவி மடியில குழந்தை மாதிரி வச்சுக்கிட்டு மாட்டுவண்டியில வாரா. பள்ளிக்கூட வாசல்ல ஹெட்மாஸ்டரம்மாவும் பிள்ளைகளும் சந்தனக் கும்பாவோட நிக்குதுக. கடைசி வரிசையில ஒரு பொடியன், "இம்புட்டும் எனக்கா?"ன்னு டீச்சர்ட்ட கேட்டான். ஆமான்னு சொன்னாக. அன்னைக்கு அவன் நெஞ்சு ரெண்டு அங்குலம் வீங்கியிருக்கும். அதுக்கு ரசீது போட முடியாது.

ஊருன்னு சொன்னதும் தேனும் பாலுமா நெனைச்சுராத. சாதி பாத்துத் தண்ணிப்பானை ரெண்டு வச்ச ஊரும் இதுதான். "எல்லாரும் சேந்து கூட்டுங்க"ன்னு சொன்னா அது வேலை. ஒரு தெருப் பிள்ளையள மட்டும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னா அது வேற. நம்ம பக்கத்துலயே, நாங்குநேரியில, 2023-ல கூடப் படிக்கிற பயகளே ஒரு பையன வீடு தேடிப் போய் வெட்டுனானுக. அரசாங்கம் நீதியரசர் சந்துருவ வச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு. 2024-ல அவரு குடுத்த அறிக்கையில, பிள்ளைக கையில சாதியக் காட்டுற கலர் கயிறு கட்டிட்டு வாரத நிப்பாட்டணும்னு சொல்லியிருக்காரு. கயித்தோட நிறத்தப் பாத்துக் கூட்டாளி சேக்கிறவனுக்குத் தைரியம்னு பேரு வைக்காத. தனியா நடந்தா பயம், அதான் கயிறு. அந்தக் கயித்த முதல்ல கட்டி விட்டது யாரு? திண்ணையில மீசைய முறுக்குதான் பாரு, அவனக் கேளு.

மார்க்கு விசயத்துல மட்டும் நான் கேலி பேச மாட்டேன். 2017-ல நம்ம மாநிலத்துல முதல் ரேங்க், ரெண்டாம் ரேங்க்னு அறிவிக்கிறத நிப்பாட்டுனாக. சர்க்கார் நிப்பாட்டுச்சு, நீங்க நிப்பாட்டல. 500-க்கு 487 வாங்குன பிள்ளை கதவச் சாத்திக்கிட்டு அழுவுது, மிச்சம் பதிமூணு எங்கன்னு அப்பன் கேட்டானாம். எடே, உன் மார்க்கு என்னன்னு எனக்குத் தெரியும். பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்க. பெயிலானாலும் துணைத் தேர்வு அடுத்தாப்புலயே வருது. அந்த நாள்ல பிள்ளையத் தனியா விடாத. பேச முடியலன்னா 104-க்குப் போன் போடு, மனசு விட்டுப் பேசுறதுக்கு ஆளு இருக்கு. நீ சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்தை: "சாப்பிட வா." மத்ததெல்லாம் அப்புறம்.

என்ன, எந்திரிக்க? மவன் எங்கன்னு பாக்கவா? உக்காருலே. அந்தா வேப்பமரத்தடியில நிக்கான். மேலத்தெருப் பயக கூட ஏதோ வழக்கு நடக்கு. கைய ஆட்டி ஆட்டிப் பேசுதான், உன்ன மாதிரியே. ரத்தம் வந்தா நான் பாக்கேன். வாய்ச்சண்டைக்கெல்லாம் வக்கீலு போகக் கூடாது.

நான் சொல்ல வந்தத மறந்துருவேன். நீ படிச்ச பள்ளிக்கூடத்துல வார வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழு கூட்டம். கல்வி உரிமைச் சட்டம் வச்ச குழுதான். நாலுல மூணு பங்கு பெத்தவுக, பாதிக்குப் பாதி பொம்பளையளு. இப்ப பழைய மாணவர்களையும் சேக்காக. உங்க டவுன் பள்ளிக்கூடத்துல பெத்தவுகள கேட்டுக்கு உள்ள விடுறதே பீஸ் கட்டத்தான். இங்க நாற்காலி போட்டு, டீ குடுத்து, என்ன செய்யலாம்னு கேக்காக. ஆனா நான் உன்னக் கூட்டத்துக்குக் கூப்பிடல. கூட்டத்துக்கு வார ஆளுகளுக்குப் பஞ்சமில்ல. போட்டோ எடுக்குறவரைக்கும் உக்காந்திருப்பாக. மறுநாள் சனிக்கிழமை தண்ணித்தொட்டி கழுவுறாக. அதுக்கு வா. சின்னவனையும் கூட்டிட்டு வா. அவன் தொட்டிக்குள்ள இறங்குறதுக்குச் சரியான உசரம், நீ வெளிய நின்னு வாளி வாங்கு. ஆயாகிட்ட அவன் பேரச் சொல்லு, அவ பாத்துக்கிடுவா. வாளிய மட்டும் வீட்டுல இருந்தே கொண்டு வந்துரு. அங்க இருக்கிறது நீ படிக்கிறப்பவே ஓட்டை.